லீவ் என்றால் இரண்டு சொடக்கு

மேல்வீட்டுக் கொரியாக்காரர் வீட்டை விட்டுப் போகப்போகிறார்கள் என்ற செய்தி இமெல்டாவுக்குக் கிடைத்தது 2006 பெப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு. சொன்னது வேறு யாருமல்ல, மேல்வீட்டு மிசுக்கேதான். அதுவும் வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்.

இமெல்டாவும் கணவன் றெக்ஸும் மொன்றியல் நகரத்தின் வில்லரேப் பகுதியில் அந்த இரண்டு தட்டு வீட்டை வாங்கி ஆறு வருடமாகியிருந்தது. கீழ்த்தட்டில் அவர்கள் இருந்தார்கள். மேலே முதலில் குடிவந்த பெடியன் நேரங்காலம் பாராமல் ட்ரம்ஸ் அடித்தான். அடுத்து வந்த மனிதர் ஏழு பூனை வளர்த்தார். மூன்றாவதாக வந்தவர்கள்தான் மிசுக்கும் அவளுடைய கணவர் சங்ஹோவும். ஜாரி வீதியில் பால், பாண், பியர், லொத்தர் ரிக்கற் விற்கும் ஒரு சின்ன டெப்பனர் கடையை இருவரும் மாறி மாறி நின்று நடத்தினார்கள். மகன் வன்கூவரில் படித்துக்கொண்டிருந்தான். மேலே இரண்டு பேர் நடமாடுகிறார்கள் என்பதே கீழே கேட்காது. பனி கொட்டிய காலைகளில் றெக்ஸ் அதை வழிக்கச் சவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், சங்ஹோ வெளிப்படிகளை மட்டுமல்ல, கீழ்வீட்டு வாசலையும் வழித்துத் துப்புரவாக்கிவிட்டுக் கடைக்குப் போயிருப்பார்.

இமெல்டாவுக்கு மிசுக்கை இன்னும் பிடித்திருந்தது. இருவருக்கும் ஒரே வயது, நாற்பத்தெட்டு. இருவருக்கும் உறைப்பு இல்லாமல் சோறு இறங்காது. இமெல்டா ஒரு கார்டெறியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளுக்குச் சமைக்கும் வேலை செய்தாள். நாள் முழுக்க உப்புச் சப்பில்லாத மசித்த கிழங்கோடு போராடிவிட்டு வந்து, வீட்டில் மிளகாயை அள்ளிப் போட்டு ஆக்குவாள். அதில் ஒரு கோப்பை மேலே போகும். மேலேயிருந்து மிளகாய்த்தூளில் ஊறவைத்த முட்டைக்கோவா ஒரு போத்தல் கீழே வரும். இவள் கொன்வென்ட்டில் படித்த இங்கிலீஷும் அவள் கடையில் பொறுக்கிய இங்கிலீஷும் அந்தக் கொடுக்கல் வாங்கலுக்குத் தாராளமாகப் போதும்.

மொன்றியலில் வீடு மாறுகிறவர்கள் எல்லோரும் ஜூலை முதலாம் தேதிதான் மாறுவார்கள். போகிறவர்கள் அதை மார்ச் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும். அதனால் அந்த ஞாயிறு இமெல்டா ஒரு தட்டு ரோல்ஸைப் பொரித்து எடுத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்துப் பிடித்து உறைபனிப் படிகளில் ஏறினாள். லீஸ் முடிகிறதே, என்ன யோசிக்கிறீர்கள் என்று கேட்டாள். கேட்டது ஒரு பேச்சுக்குத்தான். இருக்கப்போகிறோம் என்ற பதில் வரும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மிசுக் இரண்டு கைகளையும் நெஞ்சில் சேர்த்துக்கொண்டாள். "லோங் டைம், வீ வாண்ட் லீப் ஹியர்," என்றாள். "பெரி ஹாப்பி."

மிசுக்கின் வாயில் உதட்டைக் கடித்துச் சொல்லும் இங்கிலீஷ் வ வராது, ப தான் வரும் என்பது இமெல்டாவுக்குப் பழக்கம். ஆகவே லீப் என்றால் லீவ். கனகாலமாகவே இங்கிருந்து போக விருப்பம், போவதில் சரியான சந்தோஷம் என்கிறாள். இமெல்டாவுக்கு முகம் சுருங்கிப் போனது. உறுதிப்படுத்திக்கொள்ள, "யூ லீவ்?" என்று கேட்டாள். மிசுக் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள். "யெஸ், யெஸ். லீப்!"

கீழே வந்து தட்டை மேசையில் வைத்தபோதுதான் ரோல்ஸை அவளுக்குக் கொடுக்காமலே திருப்பிக் கொண்டுவந்திருப்பது தெரிந்தது.

றெக்ஸ் நம்பவில்லை. போகிறவர்கள் எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுதான் சட்டம், ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு வா என்றார். இமெல்டாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுறாள், போறது சந்தோஷமாம். நான் பேந்தும் போய்க் கெஞ்சிக்கொண்டு நிக்கோணுமே?" என்று கேட்டுவிட்டு, அன்று பின்னேரமே தொலைபேசியை எடுத்தாள்.

அவள் கூப்பிட்டது அல்போன்சம்மாவை. றெக்ஸின் ஒன்றுவிட்ட தமக்கை, இமெல்டாவுக்கு மச்சாள். பியர்பொன்ட்ஸில் ஒரு நிலக்கீழ் வீட்டில் கணவர் தேவதாசனோடும் இரண்டு மகள்மாரோடும் வாடகைக்கு இருந்தாள். தேவதாசனுக்கு நகரத்துக்குள் வேலை. ஒரு நாளில் மூன்று மணித்தியாலம் பஸ்ஸிலேயே போய்விடும். நகரத்துக்குள் வர ஒரு வீடு பார்த்துச் சொல்லு என்று மச்சாள் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இமெல்டா விஷயத்தைச் சொன்னதும் அல்போன்சம்மா மாதாவுக்கு ஒரு தோத்திரம் சொன்னாள். மார்ச் மாதம், தங்கள் வீட்டுக்காரனுக்குக் கடிதமும் கொடுத்துவிட்டாள்.

அதன்பிறகு நடந்தவை இமெல்டாவுக்கு விளங்கவில்லை.

ஏப்ரலில் மேல்வீட்டுக்குப் புதிய பிரிட்ஜ் வந்தது. மூன்று பேர் மூச்சு வாங்க வாங்க வெளிப்படிகளில் அதை ஏற்றினார்கள். போகிறவர்கள் எதற்குப் பிரிட்ஜ் வாங்குகிறார்கள்? மலிவாகக் கிடைத்திருக்கும், போகிற இடத்துக்குக் கொண்டு போவார்களாக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மே பிறந்ததும் சங்ஹோ மேல் பல்கனியின் கம்பிகளைச் சுரண்டிப் பச்சை வர்ணம் அடித்தார். போகும்போது நல்ல பெயரோடு போக நினைக்கிறார் என்று முடிவுகட்டினாள். மிசுக் பல்கனியில் ஒன்பது சாடிகளில் ஏதோ இலைக்கன்று நட்டாள். அதற்கு மட்டும் இமெல்டாவுக்கு விளக்கம் அகப்படவில்லை.

"திரும்ப ஒருக்கால் கேளும்," என்றார் றெக்ஸ்.

அவள் கேட்கவில்லை. போவது சந்தோஷம் என்றவளிடம் இன்னொரு தடவை கேட்க ரோஷம் விடவில்லை. மேலே கோப்பை அனுப்புவதையும் நிறுத்தியிருந்தாள். படியில் எதிர்ப்பட்டால் போன்ஜூர் என்பதோடு சரி. மிசுக் இரண்டு தடவை கோவாப் போத்தலைக் கதவடியில் வைத்துவிட்டுப் போனாள். இமெல்டா வெறும் போத்தலைக் கழுவி மேற்படியில் வைத்தாள். அவ்வளவுதான்.

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. மிசுக் நின்றாள். கையில் ஒரு மெல்லிய புத்தகம். கொரியர்களின் சேர்ச்சில் ஞாயிறு தோறும் ஆராதனை முடிந்து ஒரு மணித்தியாலம் இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறதென்றும், கொரிய மொழிக்காரருக்கென்றே எழுதிய புத்தகம் இதுவென்றும், ஒரு பக்கத்துக்கு ஒரு வினைச்சொல் என்றும் விளங்கப்படுத்தினாள். எல்லாம் படித்துவிட்டாளாம். ஒரு சொல்லை மட்டும் வாத்தியார் நாலு கிழமையாகப் பிழை பிழை என்கிறாராம். என்ன பிழை என்று அவளுக்குக் கேட்கவில்லையாம். நீ சொல்லித் தருவாயா என்று கேட்டாள். கேட்கும்போது அவள் கண்கள் இமெல்டாவின் முகத்தைப் பயத்தோடு தேடின; இத்தனை நாள் கோபத்துக்கு என்ன காரணம் என்று அந்த முகத்தில் எழுதியிருக்கும் என்பதுபோல.

வாசலில் நிற்கிறவளை உள்ளே கூப்பிடாமல் இருக்க முடியவில்லை. குசினி மேசையில் இருந்து புத்தகத்தை விரித்தார்கள். பக்கத்தின் தலைப்பில் இங்கிலீஷில் லீவ் என்ற சொல். கீழே நிறையக் கொரிய எழுத்து. நடுவில் ஒரு படம், பெட்டியோடு ஒரு மனிதன் கதவைத் தாண்டிப் போகிறான். மிசுக் விரல் வைத்து வாசித்தாள். அவன் எட்டு மணிக்கு வீட்டை விட்டுப் போகிறான் என்ற வசனம். லீப் என்று வாசித்தாள். சரிதானே என்றாள் இமெல்டா. மிசுக் இரண்டு தாள் பின்னுக்குப் புரட்டி, இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டு இன்னொரு வசனத்தை வாசித்தாள். என் தங்கை பூசானில் வசிக்கிறாள் என்பது அந்த வசனம். அங்கேயும் லீப் என்றுதான் வாசித்தாள். அதே நீளம், அதே சத்தம்.

இமெல்டா எழுத்தைப் பார்த்தாள். அங்கே இருந்தது லிவ்.

அவளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஒரு பென்சிலை எடுத்து மிசுக்கின் கையில் திணித்து, பெப்ரவரியில், நான் லீஸைப் பற்றிக் கேட்ட அன்று, நீ என்னிடம் சொன்னதை இதில் எழுது என்றாள். மிசுக் யோசித்தாள். பிறகு பள்ளிப்பிள்ளைபோல் அழகாக எழுதினாள். நாங்கள் இங்கே கனகாலம் வசிக்க விரும்புகிறோம் என்று இருந்தது. எழுத்தில் ஒரு பிழையும் இல்லை.

"ஐயோ என்ரை மாதாவே," என்று இமெல்டா தலையில் கையை வைத்தாள்.

மறைக்க வழியில்லை. நீ போகிறாய் என்று நினைத்து இந்த வீட்டை வேறொரு குடும்பத்துக்குச் சொல்லிவிட்டேன் என்று அப்படியே சொன்னாள். விஷயம் விளங்க மிசுக்குக்குச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் முகம் வெளிறியது. பிரிட்ஜ், பல்கனி, ஒன்பது சாடி எல்லாம் அவள் கண்ணுக்குள் ஒவ்வொன்றாக ஓடின போலும். பிறகு அவளுக்கு வேறொன்று தட்டுப்பட்டது. போவதில் சரியான சந்தோஷம் என்று நான் உன் முகத்துக்கு நேரே சொன்னேனா என்று கேட்டாள். ஓம் என்றாள் இமெல்டா. மிசுக் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று இமெல்டா எழும்பினாள். அழவில்லை, சிரித்தாள். இமெல்டாவுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் மேசையில் கவிழ்ந்து கிடந்து சிரித்ததைக் கேட்டு றெக்ஸ் சவர நுரையோடு ஓடிவந்தார்.

சிரிப்பு அடங்கியபின் அல்போன்சம்மா நினைவுக்கு வந்தாள். எழுத்தில் ஒன்றும் இல்லாததால் லீஸ் தன்பாட்டில் நீண்டுவிட்டது, சட்டம் கொரியாக்காரர் பக்கம் என்று றெக்ஸ் சொன்னார். சட்டம் இல்லாவிட்டாலும் அவர்களை வீட்டை விட்டு எழுப்ப இமெல்டாவுக்கு மனமில்லை. மச்சாளைக் கூப்பிட்டு, தன் பிழை என்று ஒன்றும் மிச்சம் வைக்காமல் ஒப்புக்கொண்டாள்.

"நான் இஞ்சை வீட்டுக்காரனுக்குக் கடிதம் குடுத்திட்டன்," என்றாள் அல்போன்சம்மா. "அவன் வேறை ஆக்களுக்குச் சொல்லியும் போட்டான். ரெண்டு குமர்ப்பிள்ளையளோடை நான் எங்கை போறது, சொல்லு?"

தொலைபேசி வைக்கப்பட்டது. இமெல்டா அன்று சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை அவள் வேலை முடிந்து வந்தபோது மிசுக் நடைச் சப்பாத்தோடு படியில் குந்தியிருந்தாள். கடையைச் சங்ஹோ பார்த்துக்கொள்வார். வெளிச்சம் இருக்கும்வரை நடப்போம், உன் மச்சாளுக்கு வீடு தேடுவோம் என்றாள். வாய் என்னுடையது, பிழை என்னுடையது என்றாள். காது என்னுடையது என்றாள் இமெல்டா.

நடந்தார்கள். லாஜெனெஸ், பேரி, செயின்ட் டெனி என்று ஒவ்வொரு வீதியாக, வாடகைக்கு விடப்படும் என்ற செம்மஞ்சள் பலகைகளைத் தேடிப் போனார்கள். மே நடுவில் நல்ல வீடுகளெல்லாம் போய்விட்டிருந்தன. பலகை இருந்த வீடுகளில் ஒன்று புகையிலை நாறியது, இன்னொன்றில் யன்னல் திறக்காது. வீட்டுக்கு வீடு நடக்கும் இடைவெளியில் பாடம் நடந்தது. இமெல்டாவுக்குக் கற்பிக்கத் தெரியாது. ஆனால் குறில் நெடில் தெரியும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒரு மாத்திரை என்பது விரல் சொடுக்கும் நேரம் என்று சின்ன வகுப்பில் படித்தது ஞாபகம் இருந்தது. லிவ் என்று சொல்லி ஒரு சொடக்குப் போட்டாள். லீவ் என்று இழுத்து இரண்டு சொடக்குப் போட்டாள். கீழ் உதட்டைப் பல்லால் கடித்து வ சொல்லவும் காட்டினாள். மிசுக் நடுத்தெருவில் நின்று சொடுக்கிச் சொடுக்கிச் சொன்னாள். முதலில் அவளுக்கே வித்தியாசம் கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஜாரிப் பூங்காவின் ஓரத்தில், லிவ், லீவ் என்று சொல்லிவிட்டுத் திடுக்கிட்டவள்போல் நின்றாள். "டிபரன்ட்," என்றாள். "ஐ ஹியர்!" அங்கேயே ஒரு துள்ளுத் துள்ளினாள். பூங்கா வாங்கில் குந்தியிருந்த ஒரு கிழவர் தொப்பியைத் தூக்கிக் காட்டினார்.

புத்தகத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. லீவ் என்றபின் ஊர்ப்பெயர் வந்தால் அந்த ஊரை விட்டுப் போகிறான். நடுவில் ஃபோர் என்று ஒரு இங்கிலீஷ் துண்டு வந்தால் அந்த ஊருக்குப் போகிறான். இந்த ஒரு துண்டில் ஆள் எதிர்ப்பக்கம் போய்விடுகிறானே என்று மிசுக் அங்கலாய்த்தாள். கொரிய மொழியில் வினைச்சொல் அப்படியே இருக்குமாம், ஊர்ப்பெயரின் வாலில்தான் மாற்றம் வருமாம். இமெல்டா சற்று நேரம் உதட்டை அசைத்துப் பார்த்தாள். தமிழிலும் அப்படித்தான், மொன்றியலுக்கு, மொன்றியலிலிருந்து. நாங்கள் இரண்டு பேரும் வாலில் கட்டுகிறோம், இங்கிலீஷ்காரன் கழுத்தில் கட்டுகிறான் என்றாள். அது மிசுக்குக்குப் பசைபோல் ஒட்டிக்கொண்டது.

பிறகு மிசுக் கேட்டாள், காலையில் வீட்டிலிருந்து புறப்படும்போது நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று. போட்டு வாறன் என்போம், போய்விட்டு வருகிறேன் என்று அர்த்தம் என்றாள் இமெல்டா. மிசுக் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். கொரிய மொழியிலும் அதே சொல்தானாம். தன்யோ ஒகெஸ்ஸம்னிதா. போய் வருகிறேன். பள்ளிக்குப் போகும் பிள்ளையும் கடைக்குப் போகும் புருஷனும் அதைத்தான் சொல்லுவார்களாம். இங்கிலீஷ்காரர் வெறுமனே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார்களே, பாவமில்லையா என்று கேட்டாள். அவர்களும் பின்னேரம் திரும்பி வருகிறார்கள்தான், சொல்வதில்லை, அவ்வளவுதான் என்றாள் இமெல்டா.

பத்து நாள் நடந்தும் வீடு அகப்படவில்லை. தெருவில் தேடினது போதும் என்று மிசுக் கடையில் தேடத் தொடங்கினாள். பால் வாங்க வந்தவர், லொத்தர் வாங்க வந்தவர், யார் வந்தாலும் மிச்சக் காசோடு கேள்வியும் கொடுத்தாள். ஜூலை முதலாம் தேதி நீங்கள் போகிறீர்களா? கேட்கும்போது மேசைக்குக் கீழே விரல் இரண்டு முறை சொடுக்கும். சிலர் சிரித்தார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு, நான் எங்கேயும் போகவில்லை, நாற்பது வருடமாக இங்கேதான் இருக்கிறேன் என்றார். மிசுக் அவரிடம் மன்னிப்புக் கேட்டாலும், அவர் லிவ் என்று சொன்னது தெளிவாகக் கேட்டதில் உள்ளுக்குள் குளிர்ந்து போனாள்.

ஜூன் ஐந்தாம் தேதி கார்டெறியில் இமெல்டா கரட் சீவிக்கொண்டிருந்தபோது அவளுக்குத் தொலைபேசி வந்தது. மிசுக் மூச்சு வாங்கினாள்.

"இமெல்டா, லிசின். கத்தரின் லீவ்ஸ் வில்லரே." தொலைபேசிக்குள் சொடக்கு, சொடக்கு என்று கேட்டது. "ஷீ லீவ்ஸ் போர் ஷெர்புறூக்!"

கத்தரின் என்பவர் ஒவ்வொரு நாளும் பத்திரிகை வாங்க வரும் அறுபது வயதுப் பெண். ஷெர்புறூக்கில் இருக்கும் தங்கையோடு போயிருக்கத் திடீரென்று முடிவெடுத்திருந்தார். வீட்டுக்காரர் இன்னும் பலகைகூடப் போடவில்லை. இமெல்டா ஏப்ரனைக் கழற்றாமலே வீட்டுக்காரரின் இலக்கத்தை வாங்கி, தனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் செலவழித்து, அன்று பின்னேரமே வீடு பார்க்க நேரம் எடுத்தாள்.

அல்போன்சம்மா தேவதாசனோடு வந்தாள். முகம் இறுகித்தான் இருந்தது. கீழ்த்தட்டு வீடு, குளியலறையை அரையாக எண்ணும் மொன்றியல் கணக்கில் நாலரை அறை. பின்னுக்கு ஒரு துண்டு வளவு, கறிவேப்பிலைச் சாடி வைக்க வெயில் விழும் யன்னல். மெற்றோவுக்கு ஆறு நிமிடம். அவள் குழாய்களைத் திறந்து பார்த்தாள், அலுமாரிக் கதவுகளை இழுத்துப் பார்த்தாள். வீட்டுக்காரர் தேவதாசனோடு பேசி முடித்துக் கைகொடுத்தபின் அவள் இமெல்டாவிடம் திரும்பினாள்.

"எனக்கு முழங்கால் ஏலாது, உன்ரை வீட்டுப் படியிலை எப்பிடி ஏறி இறங்கப்போறனோ எண்டு யோசிச்சுக்கொண்டுதான் இருந்தனான்," என்றாள். "உண்மையைச் சொன்னால் உன்ரை வீட்டைவிட இது நல்லம்."

தன் வீட்டை ஒருவர் குறை சொல்லி இமெல்டா அவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

ஜூலை முதலாம் தேதி வெயில் கொளுத்தியது. நகரம் முழுவதும் நடைபாதைகளில் மெத்தைகளும் கதிரைகளுமாகக் கிடந்தன. தேவதாசன் பேசிவைத்த லொறி வரவில்லை. சங்ஹோ கடையைப் பூட்டி, மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கதவில் கடை பூட்டு என்ற பலகை தொங்கவிட்டு, சாமான் ஏற்றும் வானோடு பியர்பொன்ட்ஸுக்கு வந்தார். நாலு தரம் போய் வந்தார்கள். சோபா புதிய வீட்டு வாசலில் சிக்கிக்கொண்டது. றெக்ஸ் ஒரு தலையில், சங்ஹோ மறு தலையில். றெக்ஸ் தமிழில் சரி, இன்னும் சரி என்றார், சங்ஹோ கொரிய மொழியில் என்னவோ சொன்னார். இருவருக்கும் இங்கிலீஷ் ஞாபகம் வரவில்லை. சோபா உள்ளே போய்விட்டது.

மத்தியானம் பெட்டிகளுக்கு நடுவில் பழைய படுக்கை விரிப்பொன்றைப் போட்டு எல்லோரும் வட்டமாக இருந்தார்கள். இமெல்டா ஆட்டிறைச்சிப் பிரட்டல் கொண்டுவந்திருந்தாள். மிசுக் தன் பல்கனிச் சாடியில் பறித்த இலைகளைக் கழுவி அடுக்கி வைத்து, ஒரு இலையில் சோற்றையும் இறைச்சியையும் வைத்துச் சுருட்டி, ஒரே வாயில் போட வேண்டும் என்று அல்போன்சம்மாவுக்குச் செய்து காட்டினாள். அல்போன்சம்மா அதைச் சந்தேகத்தோடு வாங்கி வாயில் போட்டாள். வாய் நிறைந்து கதைக்க முடியவில்லை. மென்று விழுங்கிவிட்டு, அடுத்த இலையைத் தானே எடுத்துச் சுருட்டத் தொடங்கினாள்.